மாப்பிள்ளை அறையில் ஒரு கைதி

காலில் என்ன கட்டு என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். அநீதிகளை வரிசை மாற்றிச் சொன்னால் பாதி எதிரிக்குச் சாதகமாகப் போய்விடும்.

முதலாவது அநீதி: பஞ்சாலையில் என்னை வருடக் கணக்கில் பதிலியாகவே வைத்திருந்தார்கள். பதிலி என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நிரந்தரத் தொழிலாளி எவனாவது லீவு போட்டால் அன்றைக்கு அவன் இடத்தில் நமக்கு வேலை. விடிந்ததும் மில் கேட்டில் போய் நின்றுகொண்டு, யாருக்காவது காய்ச்சல் வந்திருக்காதா என்று ஏங்க வேண்டும். அடுத்தவன் உடம்பு கெட்டால்தான் நமக்குச் சோறு. எனக்குப் பின்னால் வந்த மேஸ்திரியின் மச்சான் என் கண் முன்னால் நிரந்தரம் ஆனான்.

இரண்டாவது: கதவடைப்பு. நாங்கள் கேட்டுக்கு வெளியே கஞ்சித்தொட்டி வைத்துக் கிடந்தபோது, இன்னொரு சங்கத்தின் செயலாளர் ஆறுச்சாமி உள்ளே போய் முதலாளியோடு காப்பி குடித்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வந்தார். நாங்கள் கஞ்சி. அவர் காப்பி.

மூன்றாவது: என்னை வேலைநீக்கம் செய்தது. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? 'மேலாளர் முன்னிலையில் ஏளனமாகச் சிரித்தது.' நான் சிரிக்கிற ஆளா? என் கல்யாண போட்டோவையே விசாரணையில் சாட்சியமாகக் கொடுத்தேன். பாருங்கள், தாலி கட்டும்போதே இப்படி இருந்தவன் மேலாளரைப் பார்த்தா சிரிப்பேன் என்று வாதாடினேன். எடுபடவில்லை.

நான்காவது: கூட்டுப் போராட்டக் குழு போட்ட நினைவு மலர். அதில் மறியல் போட்டோ. ஆறுச்சாமி தலை முதல் கால் வரை இருக்கிறார். என்னுடைய ஒரு காதும் ஒரு முஷ்டியும்தான் விழுந்திருக்கின்றன. கீழே பெயர் போட்ட இடத்தில் 'மற்றும் பலர்'. ஒரு காதுக்கு மற்றும் பலர்!

ஐந்தாவது: மில்லை மூடினார்கள், இடத்தை விற்றார்கள், அங்கே அடுக்குமாடி எழுந்தது. அது போகட்டும். பஸ் நிறுத்தத்தின் பெயரையும் மாற்றிவிட்டார்கள். எங்கள் அப்பன் காலத்திலிருந்து 'மில் கேட்'. இப்போது கண்டக்டர் 'கார்டன் ஸ்டாப் எறங்கு' என்று கத்துகிறான். அந்த இடத்தில் ஒரு துளசிச் செடி கூடக் கிடையாது.

ஆறாவதுதான் இந்தக் கால்.

டாக்டரம்மாவிடமும் இதே வரிசையில்தான் சொன்னேன். நான்காவதில் இருக்கும்போது, "ஐயா, நான் கேட்டது புண்ணு எத்தனை நாளா இருக்குதுன்னு" என்றார். அதற்குத்தானே அம்மா வந்துகொண்டிருக்கிறேன் என்றேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

உட்காருங்கள் சார், போன் சார்ஜ் ஏறட்டும். தோழர் என்று கூப்பிடத்தான் வாய் வருகிறது. ஆனால் நீங்கள் தண்ணீர் ஃபில்டர் ரிப்பேர் பண்ண வந்தவர், டீக்கடையில் நின்றதற்கு உங்களையும் சேர்த்து வேனில் ஏற்றிவிட்டார்கள். சார் என்றே சொல்கிறேன். பயப்படாதீர்கள். காலையில் கைது, மாலையில் விடுதலை. நடுவில் கல்யாண மண்டபத்தில் சாம்பார் சாதம். இந்த நாட்டில் ஒழுங்காக நடக்கிற அரசாங்கத் திட்டம் இது ஒன்றுதான். ஆறு மணிக்கு எல்லாரையும் ஹாலில் நிற்க வைத்துப் பெயரைப் படித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். வழக்கமாக நான் அதுவரை தூங்கிக்கொண்டிருப்பேன். இன்றைக்கு உங்கள் போன் மணி அடித்து எழுப்பிவிட்டது. பரவாயில்லை. தூங்கியது போதும்.

ஆமாம், இது மாப்பிள்ளை அறைதான். கட்டில், மெத்தை, ஏ.சி. எல்லாம் இருக்கிறது. ஏ.சி. போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அது கொள்கை. மெத்தை விஷயத்தில் கொள்கையைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறேன். ஏன் தளர்த்தினேன் என்பதுதான் கதை.

கால். வீட்டுக்காரி புதுச் செருப்பு வாங்கி வந்தாள். பழைய செருப்புக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்றேன். அதைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினால் சனம் சிரிக்கும் என்றாள். மூத்த தொழிற்சங்கவாதிகளுக்குப் பாராட்டு விழா அன்றைக்கு. போட்டேன். வார், சுண்டுவிரல் பக்கத்தில் கடித்தது. சர்க்கரை உள்ள உடம்பு, உறைக்கவில்லை. தடியடியில் உடைந்த எலும்பையே நான் மதித்ததில்லை, கொப்புளத்தையா மதிப்பேன்? அடுத்த வாரமே பஸ் நிறுத்தப் பெயருக்காகக் கலெக்டர் ஆபீஸ் வரை நடைப்பயணம் போனேன். திரும்பி வந்தபோது அது கொப்புளம் இல்லை, குழி.

அப்புறம் மாசக் கணக்கில் ஆறவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் நஸ்ரீன் என்று ஒரு அம்மா, கெட்டிக்காரர். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வந்தார். கால் ரத்த ஓட்டத்தை மிஷின் வைத்துப் பார்த்தார், அடைப்பு இல்லை என்றார். மருந்து, கட்டு எல்லாம் சரி. புண் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு அப்படியே இருந்தது. என் புண் அல்லவா, அதுவும் பேசிக்கொண்டே இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் ரத்த அழுத்தம் பார்க்கும்போது, "மில்லு எப்பங்கய்யா மூடினாங்க?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டார். சொன்னேன். மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கட்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரியிடம், "தூங்கறாரா?" என்றார்.

"எங்கீங்க தூங்கறாரு? படுத்துட்டே யாரு கூடவோ பேசீட்டிருப்பாரு. கண்ணசந்தா பல்லைக் கடிக்கறாரு. மில்லு மூடி எத்தனையோ வருசமாச்சுங்க டாக்டரு, இவரு வாயில மட்டும் இன்னும் ஓடீட்டே இருக்குது."

அவள் சொன்னது உண்மை. ஆனால் அதை வெளியில் சொல்லலாமா? ஆறுச்சாமி கேட் கூட்டத்தில் என்னைப் பார்த்து, "வாயில நூல் நூக்கறவரு" என்று சொன்னார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்கான பதில்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாக வருகின்றன, படுத்தவுடன் வருகின்றன. ஒன்றைவிட ஒன்று கூர்மையாக இருக்கும். எழுந்து உட்கார்ந்து சொல்லிப் பார்ப்பேன். வீட்டுக்காரி, "அந்தாளே மறந்திருப்பாருங்க, படுங்க" என்பாள். மறந்திருப்பார்! அதுதான் சார் பெரிய அநீதி. வரிசையில் அதற்கு எண் கொடுக்கவில்லை.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "இதோ பாருங்கய்யா. புண்ணை நான் ஆத்தறதில்ல. மருந்து கழுவிவிடும், கட்டு காவல் இருக்கும். ஆத்தறது உங்க உடம்புதான். உங்க உடம்பு எந்நேரமும் முஷ்டியைத் தூக்கிட்டு நிக்குது. சண்டைக்கு நிக்கற உடம்பு, புண்ணை அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளி வெச்சிரும். காலை உசத்தி வெச்சு, மனசை இறக்கி வெச்சு, நல்லாத் தூங்கணும். இல்லீன்னா நான் எத்தனை கட்டுக் கட்டியும் ஆவாது."

"சண்டையை நிறுத்தச் சொல்றீங்க," என்றேன்.

"கொஞ்ச நாளைக்கு."

"இதையே மில் மேலாளரும் சொன்னார்."

அந்தம்மா சிரிக்கவில்லை. "பொங்கல் வரைக்கும் பாக்கறேன். மூடலைன்னா சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் எடுக்கணும். அதோட நிக்குமான்னு நான் வாக்குக் கொடுக்க முடியாதுங்கய்யா. பாதத்துக்கும் போகலாம்."

கேட்டுக்கொண்டேன். வீரமாகத்தான் கேட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து மண்ணில் என் காலடி பதிந்ததைப் பார்த்ததும்தான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். சார், எனக்கு வேறு சொத்து கிடையாது. படிப்பு, துண்டுப் பிரசுரம் அளவுக்குத்தான். குரல் போய்விட்டது. ஊர்வலத்தில் முன்வரிசையில் நடக்கிற கால் ஒன்றுதான் என்னிடம் மிச்சம். அதையும் எடுத்துவிட்டால் நான் யார்? மற்றும் பலர்.

ஆனாலும் தலைவனல்லவா. பயத்தைக் காட்டலாமா? வீட்டுக்கு வந்து ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினேன். தலைப்பு: 'ஓய்வா? ஒடுக்குமுறையா?' உழைக்கும் வர்க்கத்தின் கோபத்தை மாத்திரை கொடுத்து மழுங்கடிக்கும் சதியை முறியடிப்போம் என்று முடித்திருந்தேன். அச்சடித்து ஆஸ்பத்திரி வரிசையில் விநியோகித்தேன். எல்லாரும் மரியாதையாக வாங்கி விசிறிக்கொண்டார்கள். மின்விசிறி வேலை செய்யவில்லை, அதற்குப் பயன்பட்டது.

டாக்டரம்மாவும் ஒன்று வாங்கிப் படித்தார். "எழுத்து நல்லாருக்குதுங்கய்யா. இதை எழுதறப்ப பல்லைக் கடிச்சீங்களா?" என்றார். அப்புறம் ஒரு சீட்டு எழுதி மாடிக்கு அனுப்பினார். அங்கே யோகா பிரிவு.

மாடியில் பாய் விரித்து வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். புல்லாங்குழல் சத்தம். சொல்லிக் கொடுக்கிற பெண் நல்ல பிள்ளைதான், குரல் வெண்ணெய். "கண்ணை மூடுங்க. உங்க நெத்தி தளருது… தாடை தளருது… தோள் தளருது…"

"எனக்குத் தளரலீங்க," என்றேன்.

"பேசக் கூடாதுங்கய்யா. சும்மா விட்டுருங்க. தானா தளரும்."

வாழ்நாள் முழுக்கத் தளர மாட்டோம் என்று கோஷம் போட்டவனை ஒரு பிற்பகலில் தளரச் சொன்னால் எப்படி? ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். என் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர், அந்தப் பக்கம் ரேஷன் கடைக்காரர், அதற்கடுத்து ஒரு டீச்சரம்மா. மூன்று பேரும் அதற்குள் குறட்டை. கருங்காலிகள்! பேச்சுவார்த்தை ஆரம்பிப்பதற்கு முன்பே சரணடைந்துவிட்டார்கள்.

அந்தப் பெண் விடவில்லை. "சரி, மனசுக்குப் பிடிச்ச அமைதியான இடம் ஒண்ணை நெனச்சுக்குங்க. ஒரு ஆத்தங்கரைன்னு வெச்சுக்கலாம்."

உண்மையாகவே முயற்சி செய்தேன் சார். எனக்குத் தெரிந்த ஆறு நொய்யல். நொய்யல் கரையில் போய் மனதுக்குள் உட்கார்ந்தேன். சாயக் கழிவு நுரை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. கெட்ட நாற்றம். "இதுக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டுவிட்டேன், வாய்விட்டு. டீச்சரம்மா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். பேச்சு வளர்ந்தது. லாரி டிரைவரும் சேர்ந்துகொண்டார். நொய்யலைத் தூய்மைப்படுத்தக் கோரி வகுப்பின் சார்பில் ஒரு தீர்மானம் போடலாம் என்று நான் முன்மொழிந்தேன், ரேஷன் கடைக்காரர் வழிமொழிந்தார்.

அந்தப் பெண் என்னைக் கதவு வரைக்கும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தது. "ஐயா, கோவிச்சுக்காதீங்க. நீங்க வீட்லயே பழகுங்க. உங்களால மத்தவங்களுக்குப் பி.பி. ஏறுது."

மில்லிலிருந்து நீக்கினார்கள். ஓய்விலிருந்தும் நீக்கினார்கள். உலகத்தில் இப்படி இரண்டு நீக்கமும் வாங்கிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த வாரம்தான் பஸ் நிறுத்தத்துக்காக முதல் மறியல். கால் கட்டோடு போகக் கூடாது என்று வீட்டுக்காரி அழுதாள். நான் நாற்காலி போட்டு நடுரோட்டில் உட்கார்ந்தேன். இன்ஸ்பெக்டர் பெனடிக்ட் வந்தார். நாற்காலியோடு தூக்கி வேனில் ஏற்றினார்கள். பெண்கள் கொஞ்சம் பேர், பழைய தொழிலாளிகள் கொஞ்சம் பேர். கோஷம் போட்டுக்கொண்டே இந்த மண்டபத்துக்கு வந்தோம்.

சாப்பிட்டேன். ஜமக்காளத்தில் கொஞ்சம் காலை நீட்டலாம் என்று சாய்ந்தேன். அவ்வளவுதான் தெரியும். "நாச்சிமுத்தண்ணா, நாச்சிமுத்தண்ணா, எந்திரிங்க, விட்டாச்சு" என்று யாரோ உலுக்குகிறார்கள். கண்ணைத் திறந்தால் மண்டபத்தில் விளக்குப் போட்டிருக்கிறது, எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், என் வாயோரம் எச்சில். தலையணைக்குத் துண்டு மடித்து வைத்தது யார் என்றே தெரியவில்லை.

ஏன் அப்படித் தூங்கினேன் என்று நானும் யோசித்தேன் சார். வெளியில் இருக்கும்போது எது நடந்தாலும் என் பொறுப்பு. எவன் எங்கே கையெழுத்துப் போடுகிறான், எந்தப் பலகையை எவன் மாற்றுகிறான் என்று நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கைதாகிவிட்டால் அப்படி இல்லை. என் கடமையைச் செய்து முடித்துவிட்டேன். இனி ஆறு மணி வரை எனக்கு வேலை கிடையாது. வாசலில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ் நிற்கிறான். எதிரியே காவல் இருக்கும்போது நான் எதற்கு விழித்திருக்க வேண்டும்?

அடுத்த கட்டுப் பிரிக்கும்போது நர்ஸ், "டாக்டரம்மா, இங்க பாருங்க" என்று கூப்பிட்டார். புண்ணின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் புதுச் சதை, நூல் மாதிரி. "என்னங்கய்யா பண்ணினீங்க?" என்றார் டாக்டர் நஸ்ரீன்.

என் வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். "கைதானாருங்க."

"என்னது?"

"மண்டபத்துல அடைச்சு வெச்சாங்க. அங்க போயி மத்தியானம் பூரா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினாருங்க டாக்டரு. வந்தும் தூங்கினாரு. பல்லே கடிக்கல."

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளிய வாங்கம்மா" என்று கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேரும் வராந்தாவில் ரொம்ப நேரம் பேசினார்கள். பெண்களுக்குப் பேச என்னதான் இருக்குமோ. நான் மருந்து மாறியிருப்பதுதான் காரணம் என்று நர்ஸுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மருந்து எதுவும் மாறவில்லை என்று நர்ஸ் சொன்னது.

அதற்குப் பிறகு இயக்கத்தில் ஒரு எழுச்சி வந்தது சார். நான் சொல்லவில்லை, நீங்களே கணக்குப் பாருங்கள். வாரம் தவறாமல் மறியல். முதலில் என் வீட்டுக்காரிக்கு அரசியல் விழிப்புணர்ச்சி வந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் பேசியும் வராதது! வெள்ளிக்கிழமை காலையில் அவளே, "ஏனுங்க, இன்னைக்கு மறியலுக்குப் போகலீங்களா? சனம் காத்துட்டிருக்குது" என்கிறாள். தூக்குப் போசியில் மோர், மாத்திரை, மாற்றுத் துண்டு எல்லாம் பையில் தயாராக இருக்கும். அவளுக்குக் கொள்கை கோட்பாடெல்லாம் தெரியாது; எனக்குத் துணையாக வருகிறாள், பாவம், அவளையும் வேனில் ஏற்றிவிடுகிறார்கள். அதோ, கதவு வழியே பாருங்கள், மேடைப் பக்கம் பெண்களுக்கு நடுவில் பச்சைச் சேலை, இன்ஸ்பெக்டரோடு ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அடுத்தது ஆறுச்சாமி. ஒருநாள் நான் குளித்துவிட்டு வருகிறேன், ஆறுச்சாமி என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கையில் காப்பி. என் வீட்டுக் காப்பி! எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "நாச்சிமுத்தண்ணா, இனி எங்க சங்கமும் உங்க மறியல்ல கலந்துக்குது. ஆள் நான் கூட்டியாறேன். நீங்க தலைமை தாங்கினாப் போதும்" என்றார்.

பதில்கள் எல்லாம் தொண்டை வரை வந்தன. ஆனால் சார், ஐக்கிய முன்னணி வேண்டும் என்று நான் எத்தனை பிரசுரம் எழுதியிருக்கிறேன். தேடி வந்த ஒற்றுமையைத் திருப்பி அனுப்பலாமா? வரலாறு மன்னிக்குமா? "உங்க பங்குக்கு எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டேன். அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டிய அளவுக்கு" என்றார்.

மனுவை நான் எழுதுவேன். கையெழுத்தெல்லாம் வாங்கி ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுப்பது ஆறுச்சாமி. எனக்கு அலைச்சல் வேண்டாமாம். அனுமதி மறுப்பார்கள், தடையை மீறுவோம், வேன் வந்து நிற்கும். இப்போதெல்லாம் வேன் எங்களுக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது. கோஷமும் சுருக்கம். நான் இன்னும் நாலு முழக்கம் போடலாம் என்று வாயைத் திறப்பதற்குள், இன்ஸ்பெக்டர், "போதுங்கண்ணா, ஏறுங்க, வெயிலா இருக்குது" என்கிறார். இங்கே வந்தால், "சாப்டுட்டுப் படுங்க. யாரும் எழுப்ப மாட்டாங்க." இந்த மாப்பிள்ளை அறையைத் திறந்துவிட்டதும் அவர்தான். முதலில் மறுத்தேன். மற்றவர்கள் ஜமக்காளத்தில் இருக்கும்போது தலைவன் மெத்தையிலா? உடனே ஆறுச்சாமி ஹாலில் கூட்டத்தைக் கூட்டி, நான் மெத்தையில் படுக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றிவிட்டார். ஏகமனதாக. கூட்டு முடிவுக்குக் கட்டுப்படுவது தொண்டன் கடமை. கட்டுப்பட்டேன். காலுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்துக் கட்டுப்பட்டேன்.

என்ன கேட்டீர்கள்? கோரிக்கையா? நிறைவேறிவிட்டது. போன மாசமே 'மில் கேட்' என்று பலகை வைத்துவிட்டார்கள். காலையில் நீங்கள் பார்த்திருப்பீர்களே.

சிரிக்காதீர்கள். வெற்றி விழாக் கூட்டம் போடலாம் என்று நான்தான் சொன்னேன். என் வீட்டுக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. "எழுத்தைப் பாத்தீங்களா? எறும்பாட்டம் இருக்குது. பஸ்ஸுல போறவங்க கண்ணுக்குத் தெரியுமா? அரைகுறையா விட்டுட்டு வர்றதுக்கா இத்தனை பாடு?" என்றாள். ஆறுச்சாமி அசந்துபோய், "அம்மிணி சொல்றது நாயந்தானுங்கண்ணா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்குள்ளே இப்படி ஒரு போராளி இருப்பாள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே! ஆக, இப்போது நடப்பது எழுத்தைப் பெரிதாக்கும் போராட்டம்.

நேற்று டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தார். குழி இருந்த இடத்தில் ஒரு மிளகு அளவு ஈரம்தான். அழுத்திப் பார்த்தார், வலிக்கிறதா என்றார், வலிக்கிறது என்றேன். "வலிக்கட்டும், நல்லது" என்றார். கத்தி வேண்டாம். விரல் இருக்கும். பாதம் இருக்கும். பொங்கலுக்கு நடக்கலாம், ஆனால் மெதுவாக, நல்ல செருப்பு போட்டு. நர்ஸ் தண்ணீர் கொடுத்தது. வீட்டுக்காரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது டாக்டரம்மா அவளைப் பார்த்து, "இன்னும் ஒரு வாரம் இதே மருந்தைக் கொடுங்கம்மா, போதும்" என்றார். "நாளைக்கே ஏற்பாடு பண்ணீட்டேனுங்க" என்றாள் அவள். எந்த மருந்து என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறீர்கள். தெரிகிறது. நான் துண்டுப் பிரசுரம் படித்தவன்தான், முட்டாள் இல்லை. சதியை மணத்திலேயே கண்டுபிடிக்கிற மூக்கு இது. எனக்கும் ஒன்றிரண்டு சந்தேகம் வந்தது. முன்னாலேயே வந்து நிற்கிற வேன், ஆறுச்சாமியின் பணிவு, இந்த மெத்தை. ஆனால் சந்தேகப்பட ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும். தூக்கம் போனால் கால் போய்விடும். டாக்டரம்மா கவலைப்படக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மருத்துவர் பேச்சைக் கேட்க வேண்டாமா?

தொழிற்சங்க வரலாற்றில் போலீஸ் அடித்துக் கால் போனவர்கள் உண்டு. போலீஸ் பிடித்துக் கால் வந்தவன் நான்தான். இதை மலரில் போடுவார்களா, போட்டால் முகம் முழுசாக வருமா என்பது வேறு விஷயம்.

விசில் ஊதிவிட்டார்கள். வாருங்கள், ஹாலுக்குப் போகலாம். சார்ஜரை மறந்துவிடாதீர்கள். மெதுவாக, மெதுவாக, நான் இப்போது மெதுவாக நடக்க வேண்டியவன். இந்த ஓரத்தில் நிற்போம். அங்கே இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நிற்கிறார்களே, அவர் கிராம நிர்வாக அலுவலர், இவர் மண்டப மேனேஜர். இரண்டு பேரும் சாட்சி. சாட்சிகள் முன்னால்தான் பெயரைப் படிக்க வேண்டும். இத்தனை வாரமும் படித்து முடித்த பிறகுதான் என்னை எழுப்புவார்கள், என் காதால் கேட்டதே இல்லை. முதல் பெயர் என்னுடையதுதான் இருக்கும். எந்தப் போராட்டமானாலும் காவல் துறையில் முதல் பெயர் நாச்சிமுத்துதான். அந்த ஒரு மரியாதையை மட்டும் எவனும் என்னிடமிருந்து பறிக்க முடியவில்லை.

கேளுங்கள், ஆரம்பித்துவிட்டார்.

"தடையை மீறி மறியல் செஞ்சு, முற்பகல் கைதாகி, இப்ப விடுவிக்கப்படறவங்க. மனுவில கையெழுத்துப் போட்ட அமைப்பாளர், போராட்டக் குழுத் தலைவர், முதல் நபர், நாச்சிமுத்து…"

சொன்னேனா இல்லையா? கொஞ்சம் கையைக் கொடுங்கள் சார், முன்னால் போய் நிற்க வேண்டும்.

"…மனைவி, வேலாத்தாள்!"